வேர் (WHERE, எந்த வரிகளை மாற்றுவது என்ற நிபந்தனை) போடாமல் அப்டேட் அடித்துவிட்டேன், எந்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்வது?

ஆண்டர்சன்தெரு_பில்லிங்:
பாரிமுனையில் ஒரு காகித மொத்தக் கடைக்கு பில்லிங் பார்த்துக்கொள்கிறேன். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் 8. இன்று ஏ4 கட்டு விலை ஏறிவிட்டது, மாற்று என்று முதலாளி சொன்னார், அவசரத்தில் வேர் இல்லாமல் ஓட்டிவிட்டேன். காலை 11.20க்கு 6,214 சரக்கும் 245 ரூபாய், கல்யாணப் பத்திரிகை அட்டையிலிருந்து ஸ்டேப்ளர் பின் வரைக்கும். கையில் இருப்பது இன்று அதிகாலை டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் கட்டளைகளாக எழுதிவைத்த பேக்கப் ஃபைல், 1.1 ஜிபி), நேற்று அதிகாலை டம்ப் (1.9 ஜிபி), அப்புறம் பதற்றத்தில் சர்வரை நிறுத்தாமலே பென்டிரைவில் காப்பி எடுத்த டேட்டா ஃபோல்டர். இன்றைய டம்பையே போட்டுவிடலாமா? விலையைக் கையால் திருத்தி பில் போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

டம்ப்_தாத்தா:
தம்பி, முதலில் கீபோர்டிலிருந்து கையை எடு. டம்பில் ஒவ்வொரு டேபிளுக்கும் முன்னால் அதை அழிக்கும் டிராப் டேபிள் வரி இருக்கும், லைவில் (கடையில் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில்) போட்டால் இன்று போட்ட பில் எல்லாம் போச்சு. கெட்டது விலை மட்டும்தான், அதை மட்டும் மீட்டால் போதும்.

அது சரி, ஒரே ராத்திரியில் 800 எம்பி எப்படி இளைத்தது? ஃபைலின் கடைசி வரியைப் பார், 'டம்ப் கம்ப்ளீட்டட்' இல்லையென்றால் பாதியில் அறுந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஃபோல்டரை மறந்துவிடு. மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாவைச் சேமிக்கும் இன்னோடிபி பாதியை மெமரியிலும் பாதியை டிஸ்கிலும் வைத்திருக்கும், போதாக்குறைக்கு அது தப்பு நடந்த பிறகு எடுத்தது.

ஆண்டர்சன்தெரு_பில்லிங்:
பார்த்தேன் சார். பில் டேபிளுக்கு நடுவிலேயே நிற்கிறது, சரக்கு டேபிள் வரவே இல்லை. பேக்கப் டிஸ்க் நிரம்பியிருக்கிறது, பேக்கப்பைத் தானாக ஓட்டும் கிரான் மூச்சே விடவில்லை. நேற்றைய டம்ப் முழுசாக இருக்கிறது, ஆனால் நேற்று பகலில் 60 சரக்குக்கு விலை மாற்றினோம். வேறு பெயரில் ஒரு டேட்டாபேஸ் உருவாக்கி ஏற்றட்டுமா?

டம்ப்_தாத்தா:
அதே சர்வரில் வேண்டாம். டம்ப் எடுக்கும்போது டேட்டாபேஸஸ் ஆப்ஷன் கொடுத்திருந்தால் ஃபைலின் தலையில் எந்த டேட்டாபேஸ் என்று சொல்லும் 'யூஸ்' வரி இருக்கும், நீ எந்தப் பெயரில் ஏற்றினாலும் நேராக லைவுக்குள் போய் உட்காரும். நான் ஒரு தடவை பட்டிருக்கிறேன், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. லேப்டாப்பில் ஏற்று.

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்:
இவ்வளவு சுற்று எதற்கு? மைஎஸ்க்யூஎல் 8இல் பின்லாக் (ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் பதிவு) தானாகவே ஓடும், யாரும் மாற்றாவிட்டால் 30 நாள் வைத்திருக்கும். ரோ ஃபார்மட், முழு ரோ இமேஜ் இரண்டும் டீஃபால்ட். அதாவது நீங்கள் அழித்த பழைய விலை வரிக்கு வரி அதிலேயே கிடக்கிறது. 11.20ஐ ஒட்டிய பின்லாகைக் காப்பி எடுத்து, மைஎஸ்க்யூஎல்பின்லாக் கட்டளையை டீகோட் ரோஸ், வெர்போஸ் இரண்டும் கொடுத்து ஓட்டுங்கள். 'வேர்' பகுதியில் பழைய மதிப்பு, 'செட்' பகுதியில் புதியது. ஃபீல்டு பெயர் வராது, @1, @2 என்றுதான் வரும், டேபிளில் உள்ள வரிசைப்படி எண்ணிக்கொள்ளுங்கள். ஐடி, விலை இரண்டை மட்டும் பிரித்துத் தற்காலிக டேபிளில் ஏற்றி ஜாயின் போட்டு அப்டேட் செய்யுங்கள், ஆனால் இன்னும் 245ஆகவே இருக்கிற வரிகளை மட்டும்.

டம்ப்_தாத்தா:
நல்ல வழி. இருந்தாலும் லைவில் ஏற்றும் முன் நேற்றைய டம்போடு ஒப்பிடு. அந்த 60ஐத் தவிர வேறு வித்தியாசம் வந்தால் நிறுத்து.

ஆண்டர்சன்தெரு_பில்லிங்:
கிடைத்துவிட்டது! ஆனால் 6,211 வரிதான் இருக்கிறது, மூன்று எங்கே போனது?

பெருங்குடி_நைட்ஷிஃப்ட்:
அந்த மூன்றும் முன்பே 245ஆக இருந்திருக்கும். மதிப்பு மாறாத வரியை பின்லாகில் எழுதாது.

ஆண்டர்சன்தெரு_பில்லிங்:
ஆமாம், டம்பிலும் மூன்றுக்கும் 245தான். மற்றபடி அந்த 60 மட்டுமே வித்தியாசம், ஏற்றிவிட்டேன். ஏ4க்கும் பழைய விலை திரும்பிவிட்டது, இந்த முறை, தப்பானால் ரத்து செய்ய வசதியாக, ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் வேர் போட்டு மாற்றினேன். இனி, கவனிக்கும் முன்பே போன 9 பில்லை முதலாளியோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதில் ஒருவர் ஒரு பெட்டி ஸ்டேப்ளர் பின்னுக்கு 245 ரூபாயை எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.