“எனக்குக் கணக்கு வராது” என்று முடிவு கட்டிய மாணவர்கள்: வழி சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை இரவுகளில் டிப்ளோமா மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித் தருகிறேன். 11 பேர், 18, 19 வயது, பெரும்பாலும் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகள். மார்ச்சில் தொடங்கி 5 மாதம் ஆகிறது.

முதல் தப்பு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். “எங்க வீட்ல யாருக்குமே கணக்கு வராது அக்கா.” பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-இல் கணிதத்துக்கு வாங்கிய கிரேடைத் தலையெழுத்தாகவே நம்புகிறார்கள். சந்தேகமும் கேட்பதில்லை.

திறமை பயிற்சியால் வளரும் என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசினேன். கைதட்டினார்கள், அடுத்த வாரம் அதே கதை. “கெட்டிக்காரி” என்று புகழ்வதை நிறுத்தினேன். 1998இல் உளவியலாளர்கள் முல்லர், டுவெக் செய்த ஆய்வில், புத்திசாலி என்று புகழப்பட்ட பிள்ளைகள்தான் தோற்றதும் சீக்கிரம் கைவிட்டார்கள். அதனால் முயற்சியைப் பாராட்டினேன். அதை ஆறுதல் வார்த்தையாக எடுத்துக்கொள்கிறார்கள், அதுதான் என்னை உறுத்துகிறது. தப்பைத் திருத்தி மறுபடி கொடுத்தால் மதிப்பெண் உண்டு என்றேன். 4 பேர் மட்டும் கொடுக்கிறார்கள்.

அக்டோபரில் பரீட்சை. கல்லூரி மாணவர்களுக்குக் கற்பிக்கிறவர்களே, பிள்ளை பேனாவை வைக்கும் அந்த நிமிடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?