விறகுச் சூளைத் தேநீர்க் கலங்கள்: செய்தவர்களும் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள்

ஒகயாமாவிலிருந்து

வேலைக்காக ஜப்பானில் இருக்கும் ஒகயாமாவுக்கு வந்து ஐந்து வருடம் ஆகிறது. இங்கிருந்து ரயிலில் நாற்பது நிமிடம் போனால் இன்பே. பிசென் மட்கலங்கள் பிறக்கிற ஊர் அது. ஓட்டுக் கூரைகளுக்கு மேலே செங்கல் புகைபோக்கிகள் தெரியும். அமாட்சு ஆலயத்தில் வாசல் காக்கும் சிங்க நாய்கள்கூடச் சுட்ட மண்தான்.

முதல் தடவை கடையில் பார்த்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடிப் பூச்சு கிடையாது, பூ வேலை கிடையாது, செங்கல் நிறத்தில் ஒரு குவளை. கடைக்காரம்மா ஒன்றும் சொல்லாமல் அதில் தேநீர் ஊற்றிக் கையில் கொடுத்தார். உதட்டில் பட்ட விளிம்பு சொரசொரப்பாகவும் இல்லை, வழுவழுப்பாகவும் இல்லை. நாள்பட்ட மரக்கைப்பிடியைத் தொட்ட மாதிரி இருந்தது. அடுத்த மாதமே ஒரு பட்டறையில் மண் பழகச் சேர்ந்துவிட்டேன்.

அந்த மண்ணின் பெயர் ஹியோசே. வயலுக்கு அடியிலிருந்து தோண்டி எடுக்கிறார்கள். இரும்புச்சத்து அதிகம், பிசுபிசுவென்று ஒட்டும், காயும்போதும் வேகும்போதும் நிறையச் சுருங்கும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் விரிசல் விடும். அதனால்தான் பத்து நாள், சில சூளைகளில் இரண்டு வாரம் என்று மெதுவாகச் சுடுகிறார்கள்.

குவளை சீக்கிரம் கைவந்தது. க்யூசுதான் அழவைத்தது. பக்கவாட்டில் கைப்பிடி வைத்த கெண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல், மூடி, மூக்கு, கைப்பிடி நான்கையும் தனித்தனியாகச் செய்து, கையில் ஒட்டாத பதம் வந்ததும் பொருத்த வேண்டும். மூக்குக்கு உள்பக்கம் இலையைத் தடுக்கும் சல்லடைத் துளைகள். ஈரம் வற்றும் முன்பே நான் குத்திவிட்டேன். ஒவ்வொரு துளையிலும் பிசிறு நின்று, சுட்ட பிறகு தேநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அதை இப்போதும் வைத்திருக்கிறேன், உப்பு போட்டு வைக்க.

ஒரு இரவு விறகு போட உதவிக்கு வரச் சொன்னார் ஆசிரியர். விறகு எல்லாம் பிளந்த செம்பைன். பிசின் உள்ள மரம், நீளமாகத் தீ விடும். ஒரு கட்டு போட்டதும் புகைபோக்கியில் கரும்புகை வரும், அப்புறம் தீ நாக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அது உள்ளே அடங்கும் வரை அடுத்த கட்டைத் தொடக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் எனக்கு அந்தத் தாளம் பிடிபட்டது. விடியற்காலை மூன்று மணி இருக்கும், பக்கத் துளை வழியாகப் பார்க்கச் சொன்னார். உள்ளே தீ என்று தனியாக எதுவும் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும்தான். கண் பழகிய பிறகு அந்த வெளிச்சத்துக்குள் குவளைகளின் விளிம்பு தெரிந்தது. மேலே ஈரம் பட்ட மாதிரி மினுங்கியது. "சாம்பல் உருகுகிறது," என்றார். 1,200 டிகிரி தாண்டினால்தான் அது நடக்கும். ஆறிய பிறகு அதுவே எள் தூவியது போல நிற்கும். ஜப்பானியர்களும் அதை எள் என்றுதான் சொல்கிறார்கள்: கோமா.

சூளை ஆற ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. என் குவளைகள் ஆறில் நான்கு தேறின. ஒன்றை வைக்கோல் சுற்றி, சாம்பல் படாதபடி பெரிய கலத்துக்குள் வைத்திருந்தார்கள். வெளிறிய உடம்பில் குங்குமக் கோடுகளோடு வந்தது. வைக்கோலில் இருக்கும் பொட்டாசியமும் மண்ணின் இரும்பும் சேர்ந்து போட்ட கோடுகள். இதற்கு ஹிதாசுகி என்று பெயர். இன்னொன்று தீவாயருகே கரிக்குள் புதைந்து கிடந்தது. அது சாம்பலும் நீலமும் கலந்த நிறம். ஒரே மண், ஒரே கை, ஒரே நாளில் செய்தவை. சூளைக்குள் எந்த இடத்தில் உட்கார்ந்தன என்பது மட்டும்தான் வேறு. ஆசிரியர் செய்வதற்குச் செலவிட்ட நேரத்தைவிட அடுக்குவதற்கு ஏன் அதிக நேரம் எடுத்துக்கொண்டார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

புதுச்சேரியிலிருந்து

பிசென் பெயர் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 1971இல் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய இருவரில் டெபோரா ஸ்மித் பிசென்னில் தொழில் பழகியவர். இன்னொருவர் ரே மீக்கர். அங்கே கற்றவர்கள் பலர் இன்று ஆரோவில் பக்கம் தங்கள் சொந்தப் பட்டறைகளில் இருக்கிறார்கள். செம்பைனுக்குப் பதில் இங்கே சவுக்கு.

நானும் அந்தப் பக்கம் ஒரு பட்டறையில் கைப்பிடி இல்லாத குவளைகள் செய்தேன். ஐப்பசி மழை, விறகு நனைந்துவிட்டது. புகைதான் வந்ததே தவிர சூடு ஏறவில்லை. ராத்திரி முழுக்கப் பிளந்த சவுக்கை சூளையின் மேல் அடுக்கிக் காயவைத்து, காய்ந்ததை உள்ளே போட்டு, மறுபடி அடுக்கி... விடிந்தபோது இருமல்தான் மிச்சம் என்று நினைத்தேன். ஆனால் நான்கு குவளைகளின் தோளில் சாம்பல் உருகி வழிந்து ஒரு பச்சை வந்திருக்கிறது. வேண்டுமென்று கேட்டால் வராத பச்சை.

வீட்டில் அப்பா அதில் கொதிக்கக் கொதிக்கப் பால் டீ ஊற்றிப் பிடித்துவிட்டு "இதை எப்படிடா பிடிக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. ஒகயாமா நண்பரே, இந்தக் கலங்களில் பால் டீ குடிக்கலாமா?

டோக்கியோவிலிருந்து

வீசி எறிந்தாலும் பிசென் அரைக்கும் சட்டி உடையாது என்று ஜப்பானியர்கள் சொல்வார்கள். என் குவளை சட்டி இல்லையே, கழுவும்போது குழாயில் இடித்து விளிம்பில் மூன்று துண்டாயிற்று. தூக்கிப் போட மனசு வரவில்லை. உடைந்த கலத்தை ஒட்டி, ஒட்டின கோட்டில் தங்கம் பூசுகிற கின்ட்சுகி வேலைக்குச் சாமான் வாங்கினேன். உருஷி மரத்தின் பாலோடு மாவு குழைத்து ஒட்ட வேண்டும். அது வெயிலில் காயாது, ஈரக்காற்றில்தான் இறுகும். அட்டைப்பெட்டிக்குள் ஈரத்துணி விரித்து வைத்து வாரக்கணக்கில் காத்திருந்தேன்.

கையுறை போடாமல் தொட்டதில் இரண்டு முழங்கையும் தடித்துவிட்டன. ஊருக்குப் பேசும்போது ஆச்சி கேட்டதும் சொன்னார்: "சேராங்கொட்டை பட்ட மாதிரி இருக்கே." பிறகுதான் பார்த்தேன், உருஷியும் சேராங்கொட்டையும் முந்திரியும் மாமரமும் ஒரே குடும்பம். செய்பவர்கள் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ஒட்டின கோட்டில் தங்கத்தூள் போட்டேன். கட்டைவிரல் இப்போதும் தானாக அந்தக் கோட்டைத் தேடிப் போகிறது.

மீண்டும் ஒகயாமாவிலிருந்து

புதுச்சேரி நண்பருக்கு: சட்டப்படி தடையில்லை, ஆனால் நான் ஊற்ற மாட்டேன். பூச்சில்லாத மண் பாலையும் மசாலாவையும் பிடித்துக்கொள்ளும். உங்கள் குவளைக்கு உள்ளே பூச்சு இருந்தால் பயமில்லை. பால் டீக்கென்று ஒன்றை ஒதுக்கிவிடுங்கள், அது அதற்கே பழகிவிடும், நம் வீட்டு மீன்குழம்புச் சட்டி மாதிரி.

கைப்பிடி இல்லாத குவளை சென்சாவுக்கு, அதாவது ஜப்பானியப் பச்சைத் தேநீருக்கு, அளவெடுத்தது. கொதித்த நீரை முதலில் குவளைகளில் ஊற்றுங்கள். குவளையும் சூடாகும், நீரும் 80 டிகிரி பக்கம் இறங்கும். அப்புறம் அதை க்யூசுவில் இலை மேல் ஊற்றி ஒரு நிமிடம் விடுங்கள். எல்லாக் குவளைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஊற்றினால் ஒருவருக்கு வெளுத்தது, இன்னொருவருக்குக் கடுத்தது என்று வராது. கடைசிச் சொட்டை விட்டுவிடாதீர்கள், ருசி அதில்தான் இறங்கியிருக்கும். அப்பாவுக்கு அந்தக் குவளையில் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். விளிம்பையும் அடியையும் இரண்டு விரலால் பிடிக்கச் சொல்லுங்கள்.

சோப்பு வேண்டாம். வெந்நீரில் அலசி, நன்றாகக் காயவிட்டு அடுக்குங்கள், ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை வரும். என் ஹிதாசுகி குவளைக்கு மூன்று வருடம் ஆகிறது. வாங்கி வைத்து உபயோகிக்காத இன்னொன்றின் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும், குங்குமக் கோடு இப்போது எண்ணெய் தடவின மாதிரி ஆழமாக இருக்கிறது.