படகு டிரெய்லர்: ஒரு பக்க ஹப் (சக்கரக் குடம்) கொதிக்கிறது. பேரிங் போதுமா, ஆக்சிலையே மாற்றணுமா?

கடலோடி18:
இடம் மேரிலாந்து, செசபீக் வளைகுடா. 18 அடி ஃபைபர் படகு, ஒற்றை ஆக்சில் டிரெய்லர். ஆக்சில் 3,500 பவுண்டு தாங்கும், பிரேக் கிடையாது. 30 மைல் ஓடினால் வலது ஹப்பில் கை வைக்க முடியவில்லை, இடது வெதுவெதுப்புதான். வலது சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க கிரீஸ் தெறித்திருக்கு. பேரிங் பட்டியை (Bearing Buddy, ஹப் முனையில் மூடியாக இருந்து பிஸ்டனால் கிரீஸை அழுத்தி வைப்பது) கழற்றினால் கிரீஸ் பால்காப்பி நிறம். ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட் பிடிக்கும் இடத்தில் ஆக்சில் குழாய் செதில் செதிலாகத் துருப்பிடித்திருக்கு. பேரிங், சீல் (கிரீஸை அடைத்து வைக்கும் வளையம்) மட்டும் மாற்றலாமா? இல்லை, ஆக்சிலோடு மாற்றி டிஸ்க் பிரேக்கும் போட்டுவிடலாமா?

அச்சாணி:
பால்காப்பி நிறம் என்றால் தண்ணீர் புகுந்தாச்சு. ஓடி வந்த சூட்டோடு ஹப்பைத் தண்ணீரில் இறக்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் தேய்ந்த வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆகவே பேரிங்குக்கு முன்னால் பார்க்க வேண்டியது, ஸ்பிண்டிலில் (ஹப் மாட்டும் ஆக்சில் முனை) சீலின் உதடு உரசும் வளையம். அதை மண்ணெண்ணெயில் துடைத்து நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கினால் பள்ளம் விழுந்துவிட்டது. எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். லேசான துருவை 400 நம்பர் உப்புத்தாளால் சுற்றுவாக்கில் தேய்த்து எடுக்கலாம். பள்ளத்துக்கு மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் கிடைக்கும், அடித்து ஏற்றலாம். ஆனால் பேரிங் உட்காரும் இடம் சூட்டில் நீலம் பாய்ந்தோ தேய்ந்தோ இருந்தால் அந்த ஸ்பிண்டிலை விட்டுவிடுங்கள்.

3,500 பவுண்டு ஆக்சிலில் வழக்கமாக வருவது: உள் பேரிங் எல்68149, கப் (உருளைகள் ஓடும் வெளிவளையம்) எல்68111, வெளி பேரிங் எல்44649, கப் எல்44610, சீல் உள்விட்டம் 1.719 அங்குலம். சில டிரெய்லர்களில் உள்ளும் வெளியும் எல்44649தான். அதனால் பழைய பேரிங்கில் பொறித்த எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள், காலிப்பரும் வைத்துப் பாருங்கள்.

கோனை (உருளைகளோடு கூடிய உள்வளையம்) மட்டும் மாற்றி கப்பை விட்டுவைக்காதீர்கள், இரண்டும் ஜோடி. புது கப்பை இறக்கப் பழைய கப்பையே தலைகீழாக வைத்துத் தட்டலாம். அடியில் உட்கார்ந்ததும் சத்தம் மாறும். ஒரு பக்கத்தில் பழைய கப் சிக்கிக்கொள்ளாமல் இருக்க அதன் வெளிவிளிம்பைச் சிறிது அரைத்துக்கொள்ளுங்கள். உருளைகளின் சிறிய முனை வழியே வெளிவரும்வரை கிரீஸைத் திணிக்கணும். பழைய கிரீஸ் என்ன வகை என்று தெரியாவிட்டால் ஹப்பை முழுசாகக் கழுவுங்கள். பாலியூரியா கிரீஸும் லித்தியம் காம்ப்ளக்ஸும் பெரும்பாலும் ஒத்துப்போகாது, இளகி ஓடும்.

ஸ்பிண்டில் நட்டை இறுக்குவதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். ஹப்பைச் சுற்றிக்கொண்டே 50 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள். பிறகு ஹப்பைச் சுற்றாமல் நட்டைத் தளர்த்தி, விரலால் மட்டும் தொடும்வரை திருகி, புது காட்டர் பின் (நட்டு கழலாமல் பிடிக்கும் ஊசி) போடுங்கள். துளை நேரே வரவில்லையா? தளர்த்துங்கள், இறுக்கக் கூடாது. கொஞ்சம் ஆட்டம் இருந்தால் குற்றமில்லை. இறுக்கமாக விட்டால் மறுபடியும் கொதிக்கும்.

கடலோடி18:
நன்றி அண்ணா. வலது ஸ்பிண்டிலில் நகம் சிக்குது. பேரிங் பட்டியில் ஒவ்வொரு தடவையும் நன்றாக கிரீஸ் அடித்துத்தான் போவேன், அப்படியும் ஏன்?

துருவன்:
அடித்ததுதான் கோளாறு. பேரிங் பட்டியின் பிஸ்டன் எட்டில் ஒரு அங்குலம் வெளியே வந்தால் போதும், அதற்கு மேல் அழுத்தினால் பின் சீல் பிதுங்கும். சக்கரத்தின் உள்பக்கம் தெறித்தது அந்த கிரீஸ்தான். பட்டி இருந்தாலும் வருஷத்துக்கு ஒருதடவை ஹப்பைத் திறந்தே ஆகணும்.

ஸ்பிண்டிலும் போச்சு, குழாயும் செதில் விடுதென்றால் ஸ்லீவ் வேலை வீண். குழாய் உள்ளே வெற்றிடம், அதில் உப்புத்தண்ணீர் தேங்கி அரிக்கும். வெளியே தெரிவது பாதிதான். சுத்தியலால் தட்டிப் பாருங்க, மொத்தையான சத்தம் கேட்டால் ஆக்சிலை மாற்றிடுங்க. கால்வனைஸ் பண்ணியதாக வாங்குங்க. இரண்டு அளவு தேவை: ஹப் முகத்திலிருந்து ஹப் முகம், ஸ்பிரிங் மையத்திலிருந்து ஸ்பிரிங் மையம். யூ போல்டும் புதுசு போடணும். குழாயில் லேசான வளைவு இருக்கும், அது மேல்நோக்கி வரணும். கப்ளரிலிருந்து (வண்டியோடு மாட்டும் முன்முனை) ஆக்சிலின் இரு முனைக்கும் டேப் பிடித்தால் வித்தியாசம் எட்டில் ஒரு அங்குலத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் டயர் தின்னும்.

அச்சாணி:
பிரேக் விஷயம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் மொத்த எடை 3,000 பவுண்டு தாண்டினால் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். டேங்க் நிறைய பெட்ரோலோடு எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். 30 கேலன் மட்டுமே சுமார் 180 பவுண்டு. டிஸ்க் போடுவதென்றால் ஆக்சிலை ஆர்டர் பண்ணும்போதே நான்கு போல்ட் பிரேக் ஃபிளாஞ்சோடு (பிரேக்கைப் பூட்டும் தகடு) கேளுங்கள். கால்வனைஸ் குழாயில் பிறகு பற்றவைத்தால் துத்தநாகப் புகையும் வரும், பூச்சும் போகும். டிரம் பிரேக்குக்கான பழைய ஆக்சுவேட்டர் (டிரெய்லர் முன்தள்ளும்போது பிரேக்கை அழுத்தும் கருவி) கிடைத்தாலும் டிஸ்க்குக்கு ஆகாது. அதன் வால்வு அழுத்தத்தைத் தேக்கிவைக்கும், பேட் உரசிக்கொண்டே ஹப் மறுபடி சூடாகும். ரிவர்ஸ் லைட் வயரில் ஓடும் சோலனாய்டும் (பின்னோக்கும்போது பிரேக்கைத் தடுக்கும் மின் வால்வு), ஐந்து பின் பிளக்கும் வேண்டும். இல்லையென்றால் மேட்டில் பின்னோக்கி ஏற்றும்போது பிரேக் பிடித்துக்கொள்ளும்.

அரை அங்குல ஸ்டட் என்றால் சக்கர நட்டு 90 முதல் 120 அடி-பவுண்டு. 10, 25, 50 மைலில் திரும்ப இறுக்கிப் பாருங்கள்.