தீபாவளி ஹம்பரை (அன்பளிப்புக் கூடையை) நிறுத்திட்டு, அந்தப் பணத்தை ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுக்கலாமா? அத்தை மனசு நோகாம எப்படிச் செய்றது?

பட்டர்வொர்த் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி எங்க வீட்டுலேர்ந்து 9 வீட்டுக்கு ஹம்பர் போகும். மாமா தொடங்கி வச்ச வழக்கம். துறைமுகத்துல அவரோட வேலை செஞ்சவங்க, சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம்னு பேரெல்லாம் அத்தையோட நோட்டுல மாமா கையெழுத்துலயே இருக்கு. போன வருசம் ஒரு ஹம்பர் 80 வெள்ளி (ரிங்கிட்), மொத்தம் 720. ஃபெரி ஏறி பினாங்குத் தீவுக்குப் போய், லிட்டில் இந்தியா கூட்டத்துல நின்னு வாங்கிட்டு வந்தேன். அப்புறம் பிப்ரவரியில ஒரு சொந்தக்கார வீட்டுக்குப் போனா, நான் கொடுத்தது மேல சுத்தின கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காம அலமாரி மேல உட்கார்ந்திருக்கு. அங்க ரெண்டு பேருக்கும் இனிப்புநீர் வியாதி. உள்ள இருந்தது பூரா இனிப்பு பிஸ்கட்டும் சர்பத்தும்.

இந்த வருசம் அந்தப் பணத்தை மாமா பேர்ல ஒரு இல்லத்துக்குக் கொடுக்கணும்னு ஆசை. அவர் தவறி ரெண்டு வருசம் ஆகுது. அத்தைகிட்ட மெதுவா சொன்னேன். "அப்ப நாலு வீட்டுக்கு வெறுங்கையோட போறதா?"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. அவங்க மனசை நோகடிக்க எனக்கு விருப்பமில்ல. இப்படிச் செஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.

பிறைத் தம்பி:

அக்கா, நான் கணக்காய்வு அலுவலகத்துல வேலை செய்றேன். வரிக் கழிவு வேணும்னா அந்த இல்லம் 1967 வருமான வரிச் சட்டத்துல 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் வாங்கியிருக்கணும். எல்லா இல்லத்துக்கும் அது இருக்காது, ரசீதைப் பார்த்தா தெரியும். பணமா கொடுத்தாத்தான் கணக்கு. அரிசியும் பிஸ்கட்டும் சேராது. தனிநபருக்கு மொத்த வருமானத்துல 10 விழுக்காடு வரைக்கும் கழிக்கலாம், 2020க்கு முந்தி 7தான் இருந்துச்சு. ரசீதை மாமா பேர்ல வாங்கிடாதீங்க, உங்க பேர்ல போடச் சொல்லுங்க. மாமா நினைவுக்குன்னு தனியா ஒரு வாக்கியம் எழுதித் தருவாங்க. 7 வருசம் பத்திரப்படுத்தி வைங்க.

ஜெலுத்தோங் அக்கா:

தங்கச்சி, ஒரு முதியோர் இல்லத்துல 11 வருசமா சனிக்கிழமை தவறாம ஸ்டோர் பார்த்துக்குறேன். அங்க கண்ணால பார்க்குறதைச் சொல்றேன், கேளுங்க.

தீபாவளிக்கு முந்தின ரெண்டு வாரம் ஸ்டோர்ல கால் வைக்க இடமிருக்காது. போன வருசம் எண்ணி எழுதினேன்: மைலோ 46 பாக்கெட், பிஸ்கட் டின் 31, அரிசி மூட்டை கதவு வரைக்கும். அன்னிக்கே பெரியவங்க டயப்பர் ஒரு பாக்கெட்தான் மிச்சம். படுக்கையோட இருக்குறவங்க 10 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணுன்னு வச்சாலும் 30 ஆச்சு. பாக்கெட்டுக்கு 10தான் இருக்கும். கொண்டு வர்றவங்களைக் குறை சொல்லலை. யாரும் போன் போட்டு ஒரு வார்த்தை கேக்குறதில்ல, அதுதான் என் ஆதங்கம்.

சாப்பாடும் அப்படித்தான். ஒரு ஞாயித்துக்கிழமை 11 மணிக்கு ஒரு குழு பிரியாணி கொண்டு வந்தாங்க, பன்னெண்டரைக்கு இன்னொரு குழு, அதுவும் பிரியாணி. ஒரு பாட்டி, வந்தவங்க முகம் வாடிடக்கூடாதுன்னு ரெண்டாவது தட்டுலயும் நாலு வாய் சாப்பிட்டாங்க. போட்டோவுக்குச் சிரிச்சாங்க. ராத்திரி பூரா வாந்தி. நான்தான் துடைச்சு விட்டேன். "வேணாம்னு சொன்னா அடுத்த வருசம் வரமாட்டாங்களேம்மா"ன்னு சொன்னாங்க. இன்னிக்கும் அது என் காதுல இருக்கு.

தை பொறந்துட்டா வாசல்ல ஒரு கார் நிக்காது. மின்சார பில், கேஸ், டயப்பர் மட்டும் மாசா மாசம் வந்துக்கிட்டே இருக்கும். அதனால 720ஐ ஒரே நாள்ல கொடுத்துடாதீங்க, மாசம் 60 வெள்ளியா பிரிச்சுக் கொடுங்க. பிள்ளைங்களுக்குக் கொடுக்கணும்னா ஸ்காட்லண்ட் ரோட்டு ராமகிருஷ்ண ஆசிரமம் இருக்கு, பல தலைமுறையா பிள்ளைங்களை வச்சு வளர்க்குறாங்க. அங்கயும் கேட்டுட்டுப் போங்க. 2026லேர்ந்து பள்ளித் தவணை மறுபடி ஜனவரியிலதான் தொடங்குது. தீபாவளி முடிஞ்ச கையோட எல்லா இல்லத்துலயும் காலணி, சீருடைன்னு செலவு நிக்கும்.

உங்க அத்தை கேட்டதுல தப்பே இல்ல. நல்ல நாள்ல வெறுங்கையோட ஒரு வீட்டு வாசப்படி ஏறக்கூடாதுதான். ஹம்பரை விடுங்க, பலகாரத்தை விடாதீங்க. அவங்க கையால சுட்ட முறுக்கு ஒரு டப்பா போதும். அந்தச் சீனக் குடும்பம் வருசம் பூரா எதுக்குக் காத்திருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க. அப்புறம் எந்த இல்லம்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்கம்மா. மாமா இருந்தா யாருக்குக் கொடுக்கச் சொல்வாருன்னு அத்தைகிட்ட கேளுங்க.

செந்தூல்காரன்:

அக்கா சொன்ன கடைசி விசயம்தான் எங்க வீட்டுல தவறிப் போச்சு. பிள்ளைங்க இல்லம் நடத்தின சுத்த சமாஜத்து அன்னை மங்களம் 2023ல காலமானப்ப, அந்த வருசத் தீபாவளிக்கு எங்க சொந்தக்காரங்க எல்லார் பேர்லயும் பூச்சோங் சாலை சுத்த சமாஜத்துக்குப் பணம் கட்டினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் "உங்கள் பெயரில் நன்கொடை"ன்னு அட்டை கொடுத்தேன். பெரியப்பா அதை வாங்கிப் பார்த்துட்டு, "எனக்குக் கொடுக்க வேண்டியதை எடுத்து என்னைக் கேக்காம தர்மம் பண்ணியா?"ன்னார். அவர் கோபம் நியாயம். கொடுத்ததுக்கு நான் வருத்தப்படலை. கேக்காம விட்டதுக்குத்தான் வருத்தம். அடுத்த வருசம் முன்கூட்டியே அவர்கிட்டயே கேட்டேன், தான் படிச்ச தமிழ்ப்பள்ளி பேரைச் சொன்னார். இப்ப என்னைவிட அவர்தான் அதிகம் போடுறார்.

பட்டர்வொர்த் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. ஜெலுத்தோங் அக்கா சொன்ன மாதிரியே நேத்து ராத்திரி அத்தைகிட்ட கேட்டேன்.

மாமாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்துக்கு மூணு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் (ரத்தச் சுத்திகரிப்பு). கடைசி மூணு வருசம் குடிக்கிற தண்ணியைக்கூட அளந்துதான் கொடுத்தோம். அதனாலதான் போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி படையல்ல அத்தை பெரிய குவளை நிறைய காப்பி வச்சாங்க.

கேட்டதும் அத்தை யோசிக்கவே இல்ல. டயாலிசிஸ் நிலையத்துல மாமா பக்கத்து நாற்காலியில, நிபோங் திபால் ஊர்லேர்ந்து வர்ற ஒருத்தர் இருப்பாராம். வேன் காசு இல்லாத வாரத்துல வரமாட்டாராம். அப்படி வராத நாள்ல மாமா வீட்டுக்கு வந்து சரியா சாப்பிடமாட்டாராம். எனக்கு இது இவ்வளவு நாளும் தெரியாது. இன்னிக்குக் காலையில நிலையத்துக்குப் போன் பண்ணினேன். அவர் இப்பவும் வர்றார், அவரை மாதிரி இன்னும் ரெண்டு பேரும் இருக்காங்க. வேன்காரர்கிட்ட மாசம் 60 நேரா கட்டிடலாம்னு சொன்னாங்க. பிறைத் தம்பி, இதுக்கு வரிக் கழிவு கிடைக்காதுன்னு புரியுது, பரவாயில்ல.

சனிக்கிழமை முறுக்கு மாவு அரைக்கக் கொடுக்கணும். 9 வீட்டுக்கும் அத்தையே வர்றேன்னு சொல்லிட்டாங்க. அரைக் கிலோ பிடிக்கிற மூடி டப்பா இந்தப் பக்கம் எங்க மலிவா கிடைக்கும்?