மகன் பேபிளேட் கேட்கிறான், எதிலிருந்து தொடங்குவது?

செந்தூல் அம்மா:
வணக்கம். மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. ஒரு மாதமாக வீட்டில் பேபிளேட் என்ற மோதல் பம்பரத்தைப் பற்றிய பேச்சுதான், பள்ளி வேனில் பெரிய பையன்கள் காட்டியிருக்கிறார்கள். போன சனிக்கிழமை பேரங்காடியில் போய்ப் பார்த்தால் ஓர் அலமாரி முழுக்க அதுதான். பெட்டிகளில் 3-60, 4-80 என்று எண்கள், பக்கத்தில் ஓர் எழுத்து. ஒன்றும் விளங்கவில்லை. பசார் மாலாம் இரவுச் சந்தையில் அதே மாதிரி 12 வெள்ளிக்குக் கிடைக்கிறது. வீட்டில் இரண்டு வயதுப் பாப்பா வேறு இருக்கிறாள். எதை வாங்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் அப்பா:
இங்கே பினாங்கில் எங்கள் வீட்டில் இரண்டு பையன்கள், இரண்டு வருடமாக இதே விளையாட்டு. முதலில் ஸ்டேடியம், அதாவது பம்பரங்கள் மோதும் கிண்ணம் போன்ற தட்டு, வாங்குங்கள் சகோதரி, பம்பரம் அப்புறம். நாங்கள் பம்பரம் மட்டும் வாங்கிக் கொடுத்தோம். ஹால் தரையில் விட்டு விளையாடினார்கள். ஒரே வாரத்தில் அடிமுனை ஒரு பக்கமாகத் தேய்ந்து, சுற்றும்போது நொண்ட ஆரம்பித்தது. அதைவிட முக்கியம், 2023இல் ஜப்பானில் வந்த இந்த 'எக்ஸ்' வகைக்கு உயிரே ஸ்டேடியத்தில்தான் இருக்கிறது. உள் ஓரத்தில் பல் பல்லாக ஒரு தண்டவாளம் ஓடும். பம்பரத்தின் அடியில் குட்டிப் பல்சக்கரம். அது தண்டவாளத்தைக் கவ்வினால் சர்ரென்று வேகமெடுத்து எதிராளி மேல் பாயும். தரையில் இது நடக்கவே நடக்காது.

எண்களுக்கு வருகிறேன். மேலே உள்ள உலோகத் துண்டு பிளேடு, நடுவில் ராச்செட், அடியில் பிட். 3-60 என்பது ராச்செட்: 3 என்றால் மூன்று புடைப்பு, 60 என்பது உயரம். எழுத்துதான் பிட். எஃப் என்றால் தட்டை முனை, ஓடி ஓடி அடிக்கும். என் என்றால் ஊசி முனை, நடுவில் நின்று தாங்கும். பி உருண்டை முனை, ரொம்ப நேரம் சுற்றும்.

என் பெரியவன் ஒருநாள் டிரான் சோர்டு என்ற பம்பரத்தின் தட்டை முனையைக் கழற்றிவிட்டு ஊசி முனையை மாட்டினான். பாய்ந்து அடிக்கிற பம்பரம் நட்ட நடுவில் அசையாமல் நின்றது. ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, அது சாயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். அதன் பிறகு அவன் புதுப் பம்பரம் கேட்பது குறைந்தது, இருப்பதையே மாற்றி மாற்றி மாட்டுகிறான். அதனால் இரண்டு பம்பரம் போதும் என்பேன். ஸ்டேடியம், இரண்டு பம்பரம், அவற்றைச் சுழற்றி விடும் இரண்டு லாஞ்சர் சேர்ந்தே செட்டாக வருகிறது. தனியாக வாங்கினால் கவனம்: ஸ்டார்ட்டர் பெட்டியில் லாஞ்சர் இருக்கும், பூஸ்டரில் இருக்காது.

பசார் மாலாம் சரக்கை ஒருமுறை வாங்கினேன். உலோக ஓரம் சொரசொரவென்று விரலைக் கீறியது, பாகங்களின் பூட்டு சரியாக நிற்காமல் தொட்டதும் பிரிந்து விழுந்தது. நம் மலேசியாவில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளில் எம்சி என்ற பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

பாப்பா விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கழற்றிய பிட் சின்னது, வாய்க்குள் போய்விடும். எங்கள் வீட்டில் எண்ணி டப்பாவில் போட்டு மூடிய பிறகுதான் சாப்பாடு. ஸ்டேடியத்துக்கு மேலே முகத்தை நீட்டவும் விடாதீர்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
தம்பி சொன்னதெல்லாம் சரி. புள்ளிக் கணக்கையும் முதல் நாளே பெரியவர்கள் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள், பாதிச் சண்டை அங்கேதான் வரும். எதிராளியின் பம்பரம் முதலில் நின்றால் 1 புள்ளி, ஓரக் குழியில் தள்ளினால் 2, பிரிந்து சிதறினால் 2, ஓரக் குழிகளுக்கு நடுவில் இருக்கும் எக்ஸ்ட்ரீம் பகுதிக்குள் தள்ளினால் 3. முதலில் 4 எடுத்தவருக்கு வெற்றி.

இன்னொன்று, பள்ளிக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். என் பேரன் நல்ல பிளேடைக் கொடுத்துவிட்டு விரிசல் விட்ட போலியை மாற்றி வாங்கி வந்தான். அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அன்று இரவெல்லாம் அழுகை. அவன் மனசை ஆற்ற, எடுத்து வைத்திருந்த பழைய ஐந்து காசு ஒன்றைக் காட்டினேன். 1989இல் வந்த வரிசையில் அதன் பின்பக்கம் காசிங் என்ற மலாய்ப் பம்பரத்தைப் பொறித்திருப்பார்கள். கிளந்தானில் அந்த மரக் காசிங்கை ஒரு மணி நேரத்துக்கு மேலும் சுற்ற விடுவார்கள் என்றதும் அழுகை நின்றது. அப்புறம் தாத்தாவிடம் போய்ச் சாட்டை கட்டிப் பம்பரம் விடக் கற்றுக்கொண்டான்.

செந்தூல் அம்மா:
அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. செட்டாகவே வாங்கிவிடுகிறேன். பாப்பா மத்தியானம் தூங்கும் இரண்டு மணி நேரம்தான் விளையாட்டு என்று இப்போதே மகனிடம் பேசி வைத்துவிட்டேன். அந்த மூடி போட்ட டப்பாவையும் சேர்த்தே வாங்குகிறேன்.