தனுஷ்கோடி ரயில் நிலையம்: எடுத்துக் கட்டலாமா, அப்படியே விடலாமா?

தீவுப்பையன்:
போன வாரம் தனுஷ்கோடி போயிருந்தேன். 1964 புயலில் இடிந்த பழைய ரயில் நிலையச் சுவரில் இன்னொரு வரிசைக் கல் சரிந்து கிடக்கிறது. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்கிறோம். அனுமதி வாங்கி, சுவரை எடுத்துக் கட்டி, கூரை போட்டு, உள்ளே ஒரு ரயில் அருங்காட்சியகம் வைக்கலாம் என்பது யோசனை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறியவர் இங்கே இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு சேர்ந்தார். அப்படிப்பட்ட இடத்தில் இன்றைக்கு நடப்பது செல்ஃபியும் சங்கு வியாபாரமும்தான். உழைக்க ஆள் இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

வாடைக்காற்று:
சங்கு வியாபாரத்தை ஏன் தம்பி இழுக்கிறீர்கள்? அதை விற்கிற வீட்டில் பெண் எடுத்தவன் நான். புயலுக்கு அப்புறம் குடியிருக்கத் தகுதியில்லாத ஊர் என்று அரசு சொன்ன பிறகும் அங்கே குடிசை போட்டு, ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்தவர்கள் அவர்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகுதான் நமக்கெல்லாம் தனுஷ்கோடி மேல் பாசம் பொங்கியது. அருங்காட்சியகம் வந்தால் அடுத்து வேலி வரும், டிக்கெட் கவுண்டர் வரும், கடையை எடு என்று ஆள் வரும். அதற்கு உங்கள் பதில் என்ன?

கொத்தனார்பேரன்:
அரசியல் அப்புறம். முதலில் சுவரைப் பேசுவோம்.

அது முருகைக்கல்லும், அதாவது கடல் பவளக்கல்லும், சுண்ணாம்பும். கல்லுக்குள் பஞ்சு மாதிரிச் சின்னச் சின்னத் துளைகள். உப்பு ஈரம் உள்ளே போகும், வெயிலில் வெளியே வரும். சுண்ணாம்புச் சாந்து அதற்கு வழி விடும், சிமெண்ட் விடாது. உப்பு உள்ளேயே பூத்து, கல்லைப் பொடியாக்கிவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு பழைய சத்திரத் திண்ணைக்கு நல்ல மனதோடுதான் சிமெண்ட் பூசினார்கள். நாலாவது வருடம் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது, கல்லையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு. தாத்தா இருந்திருந்தால் கரண்டியாலேயே அடித்திருப்பார்.

அடுத்தது, புதுக் கல்லுக்கு எங்கே போவீர்கள்? 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் ஒரு கல் எடுத்தாலும் கேஸ்தான். விழுந்து கிடக்கிற கல்லைப் பொறுக்கி, கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் திருப்பி வைக்கலாம். நிற்பதை நிறுத்திவைக்க அது போதும். கூரை ஏற்றப் போதாது.

தீவுப்பையன்:
சங்கு வியாபாரம் என்று எழுதியது தப்புதான் அண்ணே, மன்னியுங்கள். ஆனால் கொத்தனார்பேரன், கூரை இல்லாமல் பொருளை எங்கே வைப்பது?

ரிட்டயர்டு கேங்மேன்:
அங்கே வைக்கவே கூடாது. தனுஷ்கோடி லைனில் ஓடியவர்கள் எனக்கு முந்தின தலைமுறை. 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து போன 653-ஆம் நம்பர் பாசஞ்சர் ரயில், ஸ்டேஷனைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அலையில் போனது. நூறு பேருக்கு மேல். ஒருவரும் திரும்பவில்லை. அந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் டிக்கெட் அடுக்கி வேடிக்கை காட்ட என் மனசு ஒப்பாது. சுவர் சுவராகவே நிற்கட்டும்.

ரயில் அருங்காட்சியகம்தான் வேண்டுமென்றால் பாம்பன் பாலத்துக்கு இந்தக் கரையில் இருக்கிற மண்டபம் ஊரில் வையுங்கள். பழைய பாம்பன் தூக்குப்பாலத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? கப்பல் போக வழிவிட்டு மேலே தூக்கிக்கொள்கிற இரண்டு இரும்புச் சிறகு, ஒவ்வொன்றும் 400 டன்னுக்கு மேல். கரண்ட் கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறந்தோம். அந்தப் புயலில் பாலத்தின் கர்டர்கள், அதாவது தண்டவாளம் தாங்கும் இரும்பு உத்தரங்கள், பெரும்பாலும் கடலுக்குள் போனபோதும் தூக்குப்பாலம் நின்றது. ரயில்வே என்ஜினியர் ஸ்ரீதரன் சார் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார் என்று எல்லோருக்கும் தெரியும். கடலுக்குள் விழுந்த கர்டர் எங்கே கிடக்கிறது என்று காட்டியவர்கள் மீனவர்கள். அது எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது? 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் வந்தது, பட்டனை அழுத்தினால் அதன் நடுப்பகுதி 17 மீட்டர் மேலே போகிறது. பழையதைப் பிரிக்கிற பேச்சு நடக்கிறது. ஓடுங்கள், அந்தச் சிறகு ஒன்றையாவது கேட்டு வாங்குங்கள்.

வாடைக்காற்று:
ஐயா, 400 டன் இரும்பைப் பன்னிரண்டு பையன்கள் காப்பாற்றவா? இரும்பு அரிப்பதில் மியாமிக்கு அடுத்தது பாம்பன் என்று சொல்கிறவர்கள் உங்கள் ஆட்கள்தானே. ரயில்வேயே வருடம் பூராவும் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தது. ஐப்பசி மழைக்கு நம் வீட்டு ஜன்னல் கம்பியே தாங்குவதில்லை.

ரிட்டயர்டு கேங்மேன்:
அதுவும் சரிதான். முழுச் சிறகு வேண்டாம். நாங்கள் சுற்றிய அந்தப் பல்சக்கரமும் கைப்பிடியும் போதும்.

முகாம்காரி:
மண்டபம் என்றதும் உள்ளே வருகிறேன். எல்லோரும் போட் மெயில், போட் மெயில் என்கிறீர்கள். முதல் வகுப்பில் போன துரைகள் எத்தனை பேர்? ஆள்பிடிக்கிற கங்காணி கூட்டிவந்த இலங்கைத் தோட்டக் கூலிகளை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்துவைத்து, ஊசி போட்டு, அப்புறம்தான் கப்பலேற்றினார்கள். புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபரில், தோட்டத் தமிழர்களை இந்தியாவும் இலங்கையும் பங்குபோட்டுக்கொண்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் அதே மண்டபத்துக்கு ‘தாயகம் திரும்பியோர்’ என்று வந்து இறங்கினார்கள். என் அம்மாச்சி அதில் ஒருத்தி. ஒரு தகரப்பெட்டி கொண்டுவந்தது, இன்றைக்கும் வீட்டில் அரிசி போட்டுவைத்திருக்கிறோம். உங்கள் அருங்காட்சியகத்தில் சிக்னல் விளக்குக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டிக்கு இடம் இருக்குமா?

தீவுப்பையன்:
இருக்கும் அக்கா. அரிசியை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டுச் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். கூரை யோசனையை விட்டுவிடுகிறேன். அருங்காட்சியகம் மண்டபத்திலேயே இருக்கட்டும். ஆனால் தனுஷ்கோடிச் சுவர் அப்படியே சரிந்து மணலாகட்டும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஐயா கோபித்துக்கொண்டாலும் சரி.

கொத்தனார்பேரன்:
அப்படியென்றால் முதலில் விழுந்த கல்லை எண்ணி, நம்பர் போட்டு, படம் எடுக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தோடு அதுதான் போக வேண்டும். அதுவரை ஒரு கல்லையும் நகர்த்தாதீர்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். நூலும் ரசமட்டமும் என் பொறுப்பு. வண்டியில் சிமெண்ட் மூட்டை கண்ணில் பட்டால் அப்படியே இறங்கிவிடுவேன்.

வாடைக்காற்று:
சாப்பாடு மாமியார் வீட்டில். எத்தனை பேர் என்று சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், மீன் வாங்க வேண்டும். வேலி விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, ஞாபகம் இருக்கட்டும்.