லிவர் சிரோசிஸும் திடீர்க் குழப்பமும்: வீட்டில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

களியக்காவிளைக்காரன்:
பெரியப்பாவுக்கு லிவர் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிப்போகும் நோய். அப்படியும் சந்தையில் மீன் வியாபாரத்தை விடவில்லை. முதலில் தூக்கம்தான் தலைகீழானது, பகல் முழுக்க உறக்கம், ராத்திரி வீட்டுக்குள் நடை. அப்புறம் ஒருநாள் கணக்கு நோட்டில் சொந்தப் பெயரையே கோணல்மாணலாக எழுதிவிட்டு, தமிழும் மலையாளமும் கலந்து என்னவோ பேசினார். கலந்து பேசுவது எங்கள் ஊரில் சகஜம், ஆனால் இது வேறு மாதிரி. பெரியம்மா கயிறு மந்திரித்துக் கட்ட ஆள் தேடினார்.

திருவனந்தபுரத்தில் டாக்டர், வண்டியை நிறுத்தும் போலீஸ்காரர் மாதிரி கையை நீட்டி உள்ளங்கையை நிமிர்த்தச் சொன்னார். கை படபடவென்று அடித்துக்கொண்டது. அடுத்த கேள்வி, "வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு?" எங்களுக்கு எரிச்சல்தான் வந்தது, புத்தி தடுமாறுகிற மனுஷனிடம் இதையா கேட்பார்கள் என்று.

விஷயமே அதில்தான் இருக்கிறது. குடல் பாக்டீரியாக்கள் யூரியாவையும் புரதத்தையும் உடைத்து அம்மோனியா உண்டாக்குகின்றன. நல்ல கல்லீரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீர் வழியே அனுப்பிவிடும். சுருங்கிப்போன கல்லீரலால் முடியாது, அம்மோனியா ரத்தத்தோடு மூளைக்கு ஏறிவிடும். மலம் தங்கினால் இன்னும் கூடும். கொடுத்த மருந்து லாக்டுலோஸ் சிரப். அது வெறும் பேதி மருந்தில்லை, நம் உடம்பு அதைச் செரிக்காது, அதே பாக்டீரியாக்கள்தான் அதைத் தின்று அமிலமாக்கும், அந்த அமிலத்தில் அம்மோனியா வேறு வடிவம் எடுத்து, குடல் சுவரைத் தாண்ட முடியாமல் மலத்தோடு போய்விடும். யார் கிளப்பிவிட்டார்களோ அவர்களை வைத்தே அடக்குவது! தெளிந்ததும் முதலில் கேட்டது அன்றைய சாளை விலையை.

செங்கோட்டை மருமகள்:
எங்கள் அத்தைக்கும் இதேதான். தினம் 2, 3 தடவை இளக்கமாகப் போகிற மாதிரி சிரப்பைக் கூட்டிக் குறைக்கச் சொன்னார்கள். அதற்கு மேல் போனால் உடம்பில் நீர் வற்றி மறுபடியும் குழப்பம் வரும், அந்தக் கூத்தையும் பார்த்தாச்சு. அந்தக் குடல் பாக்டீரியாக்களை அடக்கக் கொடுக்கும் ரிஃபாக்சிமின் மாத்திரை விலைதான் கையைக் கடிக்கிறது.

முட்டை, பருப்பு தொடாதே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், அது பழைய பேச்சு. தசையும் அம்மோனியாவை வாங்கிக்கொள்ளும், புரதத்தைக் குறைத்தால் தசை கரைந்துபோகும்.

களியக்காவிளைக்காரன்:
அப்போ மீன் கொடுக்கலாமா அக்கா? கேட்டு உயிரை வாங்குகிறார்.

செங்கோட்டை மருமகள்:
உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தாராளமாகக் கொடுங்கள் தம்பி. கருவாடு மட்டும் வேண்டாம், வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு உப்பு ஆகாது.